பழனாத்தாளின் சேலை

காக்கா இன்னும் வரவில்லை. வரும். வடகத்தின் வாசனை அதற்குத் தெரியும், எனக்கும் தெரியும், என் கையிலேயே இருக்கிறது, சீரகமும் பச்சைமிளகாயும் பெருங்காயமும், எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தாலும் போகாத வாசனை, கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நடப்பேன், ஏதோ பெரிய யோசனையில் போகிற ஆள் என்று எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். விடட்டும். ஈரோட்டு உச்சி வெயிலில் மொட்டைமாடிக்கு யாரும் வரமாட்டார்கள், தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்து கிடக்கிறது, அதில் குச்சியோடு உட்கார்ந்திருக்கிறேன். வேலை இல்லாதவனை ஈ ஓட்டுகிறான் என்பார்கள், நான் ஒரு படி மேலே போய்க் காக்கா ஓட்டுகிறேன். எதிரே வடகம், வெள்ளை வெள்ளையாய், ஓரம் மட்டும் காய்ந்து சுருள ஆரம்பித்திருக்கிறது, நடுவில் இன்னும் ஈரம், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பச்சைக் குளத்தில் அல்லி பூத்த மாதிரி இருக்கிறது. பச்சை. அங்கேதான் வந்து முட்டுகிறது, எங்கே சுற்றினாலும் மனசு அந்தப் பச்சையில் வந்து முட்டுகிறது. மாந்தளிர்ப் பச்சை, கத்திரிப்பூக் கரை, ஒரு தடவைகூடக் கட்டாத சேலை. எப்போதும் வடகம் ஊற்றுகிற என் பழைய வேட்டியை நேற்று மாமியார் கீழே விரித்துப் படுத்துவிட்டார், விடியற்காலையில் அவரை எழுப்பிவிடக் கூடாதென்று விளக்கைப் போடாமல் பீரோவின் அடித்தட்டில் கையை விட்டு அகப்பட்ட துணியை உருவிக்கொண்டு வந்தேன், இருட்டில் விரித்தேன், இருட்டிலேயே ஊற்றினேன், வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் பழனாத்தாளின் சேலை. கீழ்வீட்டுச் சிவகாமியக்கா போன தீபாவளிக்குப் பழனாத்தாளுக்கென்று ஆசையாய் எடுத்துக் கொடுத்த சேலை. இப்போது எடுக்க முடியாது, பாதி காய்ந்த வடகத்தோடு துணியை மடித்தால் எல்லாம் திரும்பக் கூழாகிவிடும், காய்கிற வரைக்கும் கிடக்க வேண்டியதுதான், சேலையும் நானும். பொழுது சாய்ந்தால் சிவகாமியக்கா துணி எடுக்க வருவார், அதற்குள் காய வேண்டும். பொழுது சாய்வதற்குள் இன்னொன்றும் முடிந்துவிடும், அங்கே வங்கியில் என் மனைவி கோகிலா, பதவி உயர்வு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள். அது பழனாத்தாளால்தான். பழனாத்தாள் என்று ஒருத்தி கிடையாது.

அவளைப் பெற்றவன் நான். நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த சாயப்பட்டறையை மூடினார்கள், வேறு இடம் கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு கரண்டியைப் பிடித்தேன், வேறு இடம் கிடைக்கவில்லை, கரண்டி கையோடு நின்றுவிட்டது. எனக்கு அது பிடித்துப்போயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும், யாரிடம் சொல்ல, காக்காவிடம்தான். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற நொடியில் மனசுக்குள் ஏதோ ஒன்று சரியான இடத்தில் போய் உட்காருகிறது, பட்டறையில் இருந்த அத்தனை வருசத்தில் எந்தக் கணக்கும் எனக்கு அப்படி உட்கார்ந்ததில்லை. வெளியே கேட்டால் வீட்டிலிருந்தே ஏஜென்சி வேலை என்பேன். என்ன ஏஜென்சி என்று யாரும் கேட்டதில்லை, ஆம்பளை ஒரு வேலை பெயரைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை. ஒரு நாள் சிவகாமியக்கா மேலே வந்தபோது அரிசிம்பருப்புச் சாதம் ஒரு கிண்ணத்தில் கொடுத்தோம், வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார், “அட கோகிலா, நீ ஆக்குனதா? பேங்க்குல பொட்டி தட்டிப்போட்டு வந்து இப்படி ஆக்குவியா அம்மிணி?” கோகிலாவுக்குப் பொய் வராது. என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன், “சமைக்க ஒரு அம்மா வர்றாங்கக்கா.” பேர் என்ன என்றார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் பழனி ஆண்டவர் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது, பழனாத்தாள் என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன், பாத்திரக்கடையில் ஏதோ ஒரு பேரைச் சொல்லிப் பாத்திரத்தில் வெட்டச் சொல்கிற மாதிரி.

பேர் வந்ததும் ஊர் வந்தது, பெருந்துறைப் பக்கம் என்றேன். ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை என்றார்கள், விடியுமுன் வந்து பால்காரர் வருவதற்குள் போய்விடுவார் என்றேன், அன்றோடு என் விடியற்காலைத் தூக்கம் போயிற்று. அவள் வருகிற நேரத்துக்கு நான் எழுந்து, அவள் போகிற நேரத்துக்குள் அடுப்பை அணைத்து, சமையலறை ஜன்னலை எந்நேரமும் சாத்தி வைத்து, மத்தியானம் ஒரு அப்பளம் பொரிக்க ஆசைப்பட்டால்கூட டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுப் பொரித்து. சாம்பாரில் உப்புக் கூடின அன்று அவளுக்கு மூட்டுவலி கொடுத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது அவளைப் பண்ணாரி அம்மன் கோவிலுக்குக் குண்டம் மிதிக்க அனுப்பிவைத்தேன். கோகிலாவும் நானும் எங்களுக்குள்ளேயே அப்படிப் பேச ஆரம்பித்துவிட்டோம், மத்தியானம் டப்பாவைத் திறந்துகொண்டே போன் செய்வாள், “இன்னிக்குப் பழனாத்தா ரசத்துல கலக்கிட்டாளுங்,” நான் “சொல்லிடறேன்” என்பேன், என் பாராட்டைக்கூட அவள் வழியாகத்தான் வாங்கினேன். இதோ, தொட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். இல்லை என்று எனக்குத் தெரியும், வெயில் தரையிலிருந்து ஆவியாய் எழும்பும்போது அப்படித் தோன்றும், ஆனாலும் காலை நீட்டி மூட்டை நீவிக்கொண்டு, நான் வலி கொடுத்த அதே மூட்டை, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, “ஏஞ் சாமி,” என்கிறாள், “பொய் சொல்றதுன்னு ஆச்சு, ஒரு ஆம்பளச் சமையக்காரனைப் பொறக்க வெச்சிருக்கலாமுல்ல? எதுக்கு என்னையப் பொம்பளையாப் பெத்தீங்க?” தோன்றவே இல்லை பழனாத்தா. அந்த நொடியில் வாயில் வந்தது ‘ஒரு அம்மா’தான். “செரி, என்ற ஊட்டுக்காரரை எதுக்குக் கொன்னீங்க?” அதற்குக் காரணம் இருக்கிறது, புருஷன் இருக்கிறவள் விடியுமுன் இன்னொரு வீட்டுக்கு வந்துவிட்டால் அவள் வீட்டில் அடுப்பை யார் பற்றவைப்பார்கள் என்று சிவகாமியக்கா கேட்பார், அதனால்தான் உன்னைத் தனியாளாக்கினேன். ‘அவள் புருஷன் பற்றவைப்பான்’ என்று அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நின்ற எனக்கே அது தோன்றவில்லை. அவள் சிரிக்கிறாள், வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிகிறது. சிரி. உனக்கென்ன.

சாத்தின ஜன்னல் எனக்குப் புதிதில்லை. மாதத்தில் அந்த மூன்று நாள் அம்மா தனியாக உட்காருவாள், அந்த நாட்களில் அப்பாதான் சோறாக்குவார். மத்தியானத்தில் எங்கள் தெருவில் யாரும் வாசல் கதவைச் சாத்துவதில்லை, எங்கள் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கும், சாத்தின கதவைப் பார்த்தே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும், மறைக்கிறோம் என்று தண்டோரா போட்ட மாதிரி. உள்ளே புகை போக வழியில்லாமல் அப்பா இருமிக்கொண்டே கிண்டுவார். நன்றாகவே சமைப்பார், அம்மாவைவிட ஒரு பிடி கூட. ஆனால் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் ஒருத்தரும் சொன்னதில்லை, சொன்னால் அவருக்கு அவமானம் என்று எங்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது, தட்டை வழித்துச் சாப்பிடுவதோடு சரி. அப்பா, அந்தப் புளிக்குழம்பு நெம்ப நன்றாக இருந்தது. இப்போது சொல்லி என்ன. கல்யாண மண்டபத்தில் அண்டாவைக் கிண்டுகிறவன் ஆம்பளைதான், அவனுக்கு மாஸ்டர் என்று பேர், தோளில் துண்டு, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும், அதே கை வீட்டில் வாணலியைத் தொட்டால் பெண்டாட்டிக்குப் பயந்தவன், ஆம்பளைத்தனம் கரண்டியின் நீளத்தில்தான் இருக்கிறது போலிருக்கிறது. என் மகள் மிதுனாவின் பாடப் புத்தகத்தில் ஒரு படம் பார்த்தேன், அம்மா அடுப்பு முன்னால் நிற்கிறாள், அப்பா பேப்பர் படிக்கிறார், யார் யார் வீட்டில் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று வகுப்பில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டுமாம். முந்தின நாள் வந்து கேட்டாள், “அப்பா, நெசத்தைச் சொல்லட்டுமா, நம்ம ஊட்டு நெசத்தைச் சொல்லட்டுமா?” நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். நம்ம வீட்டு நெசத்தையே சொல்லு கண்ணு என்றேன். சொல்லியிருக்கிறாள், பழனாத்தாளின் மூட்டுவலி வரைக்கும், பக்கத்துப் பிள்ளை பாவம் என்று உச்சுக் கொட்டியதாம். அதைச் சொல்லிவிட்டு, “எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சுப்பா” என்றாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஆனால் அன்றைக்கு அரிந்தது வெண்டைக்காய். இல்லை, வெங்காயம் முந்தின நாள், வெண்டைக்காய் அவள் வந்து சொன்ன அன்று. எனக்கு எதையும் காய்கறியை வைத்துத்தான் ஞாபகம் வருகிறது.

கோகிலா பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்த நாட்கள் வாழைப்பூ. ஒவ்வொரு பூவாக நரம்பு எடுத்துக்கொண்டே நான் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்வாள், தப்பாகச் சொன்னால் ஒரு பூவை அவள் எடுக்க வேண்டும் என்று பந்தயம், கடைசியில் முழுப் பூவையும் நானே எடுத்தேன். மிதுனா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை கூப்பிட்டார்கள், அப்போது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள், அவளோடு சேர்ந்த ஆண்கள் எல்லாரும் இப்போது மேனேஜர், அவள் கவுண்டரில். இது இரண்டாவது தடவை. இதையும் வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கூப்பிடுவார்களா, யாருக்குத் தெரியும். மேனேஜராகப் போக வேண்டிய ஊர் சம்பல்பூராம், ஒரிசாவில். ஊர்ப் பெயர் வந்த அன்று குளியலறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது, உள்ளே கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு அவள் இந்தியில் “பைட்டியே, பைட்டியே” என்று யாரையோ உட்காரச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள், ஒரு தடவை கையை நீட்டி, ஒரு தடவை தலையை மட்டும் அசைத்து. வங்கியில் சேர்ந்த நாளிலிருந்து மேலதிகாரிகள் உட்கார்ந்திருக்க நின்றுகொண்டு பதில் சொன்னவள். சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டேன். நேற்று அவள் அம்மா வந்து இறங்கினார், நாச்சம்மாள் என்று பேர், நான் அத்தை என்று கூப்பிடுவேன். இன்று காலையில் கோகிலா தலை வாரிக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தார், “ஏஞ் சாமி, ஆளு கண்ணுலயே படாத ஒரு சமையக்காரிய நம்பி வளர்ற புள்ளையையும் மாப்ளையையும் உட்டுப்போட்டுப் போறேங்கறயே, அவ நாளைக்கே நின்னுட்டா ஊடு என்னாகும்?” கோகிலா சீப்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அரிசிம்பருப்புச் சாதத்தன்று பார்த்த அதே பார்வை. ஒரு வார்த்தை போதும். நான் சொன்னேன், “அத்தை சொல்றதும் செரிதான்.” என் வாயா அது? சொன்னது நானா? அவளும்தான் முந்தின நாள் சொல்லியிருந்தாள், “உங்களை ஒருத்தரு ஒரு சொல்லுச் சொல்ல நான் உடமாட்டனுங்,” அது பிரியத்தில் சொன்னது, அந்தப் பிரியத்துக்குள் நான் சௌகரியமாகப் போய் ஒளிந்துகொண்டேன். வாசலில் வண்டியை எடுக்கும்போது, “அப்பப் பொழுதோட வேண்டாம்னு சொல்லிடறனுங்” என்றாள். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் சொன்னாள், முகம் தெரியவில்லை.

கண் இழுக்கிறது. நிழல் நகர்ந்து என் கால் கட்டைவிரல் வெயிலுக்குப் போய்விட்டது, இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பச்சைக் குளம் மெல்ல அசைகிறது, காற்றா, நானா. சம்பல்பூரில் ரயில் நிற்கிறது, பார்க்காத ஊர் என்பதால் அது நம் ஈரோடு ஜங்ஷன் மாதிரியே இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும் படிக்க முடியாத எழுத்தில். கோகிலா இறங்குகிறாள், கையில் பை இல்லை, டப்பா மட்டும், பிளாட்பாரத்தில் இருக்கிற எல்லாரையும் பார்த்துப் பைட்டியே பைட்டியே என்கிறாள், போர்ட்டர்கள் உட்காருகிறார்கள், டிக்கெட் பரிசோதகர் உட்காருகிறார், சாயப்பட்டறை முதலாளி உட்காருகிறார், அப்பா கரண்டியோடு உட்காருகிறார், நான் மட்டும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறேன், என் கையிலிருந்து வாசனை வருகிறது, எல்லாரும் திரும்புகிறார்கள். பயம் அப்போதுதான் வருகிறது. எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, யாரும் அடிக்கப் போவதில்லை, சிரிப்பார்கள், அவ்வளவுதான். மளிகைக் கடைக்காரர் அரிசியை நிறுத்துக்கொண்டே, என்னங் மோகனசுந்தரம், இன்னிக்கு என்னங் சமையல் என்று கேட்பார், பக்கத்தில் நிற்கிறவர் குனிந்து சிரிப்பார். அவ்வளவுதானா? அவ்வளவுதான். இதற்காகவா அவள் கவுண்டரிலேயே இருக்க வேண்டும்? இந்த ஒரு குனிந்த சிரிப்புக்காகவா? பழனாத்தா, நீ சொல்லு. அவள் சேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தன் சேலை, தனக்கென்று ஒருத்தர் ஆசையாய் எடுத்தது, பாவம் அவளுக்கு இருந்ததே அது ஒன்றுதான். கொலுசுச் சத்தம் கேட்கிறது. அவளுக்கு நான் கொலுசு போடவில்லையே. படிக்கட்டில் கேட்கிறது.

சிவகாமியக்கா. பொழுது சாயவில்லை, ஆனாலும் வந்துவிட்டார், தூரத்தில் இருட்டிக்கொண்டு வருகிறதே, மழை வந்துவிடுமோ என்று துணியை எடுக்க. குச்சியோடு எழுந்து நின்றேன். “ஏனுங் தம்பி, நீங்களா காக்கா ஓட்டறீங்க?” என்று சிரித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். கொடியில் இருந்த கை இறங்கியது. “இது நான் பழனாத்தாளுக்கு எடுத்துக் குடுத்ததுதானுங்?” குனிந்து கரையைத் தொட்டுப் பார்த்தார். “ரெண்டு கடை ஏறி எறங்கி எடுத்தேன். வயசானவிகளுக்கு ஒடம்பு உறுத்தாம இருக்கோணும்னு. அந்தம்மாவுக்குக் குடுக்கவே இல்லீங்களா? ஒரு சேலைங் தம்பி. அதையுமா புடிச்சு வெச்சுக்கோணும்?” கோபம் இல்லை அந்தக் குரலில், கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழனாத்தாள் என்னிடம் மெதுவாகச் சொல்கிறாள், என்ற மேல போடுங் சாமி, அந்தம்மாதான் விரிச்சு ஊத்திட்டுப் போச்சுன்னு சொல்லுங், நான் தாங்கிக்குவேன். தாங்குவாள். இத்தனை நாளாய்த் தாங்கியவள்தான். அது எவ்வளவு சுலபம், நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. படியில் மூச்சு வாங்கிக்கொண்டு அத்தையும் ஏறி வந்தார், “சத்தம் கேட்டுச்சு, என்னங் மாப்ளெ?” என்றார். அப்போது பையில் போன் அதிர்ந்தது. கோகிலா.

“ஏனுங், பெரிய மேனேஜரு ரூமுக்குக் கூப்பிட்டிருக்காரு,” என்றாள். “போறதுக்கு முன்ன…” பின்னால் நோட்டு எண்ணுகிற இயந்திரம் சரசரத்தது. “ஒண்ணுமில்லீங். சும்மாதான் கூப்பிட்டேன்.” சும்மா கூப்பிடுகிறவள் இல்லை. எதிரே இரண்டு பெண்கள், நடுவில் சேலை. “பழனாத்தா நின்னுட்டா கோகிலா,” என்றேன். அத்தை வாயைத் திறந்தார், நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்ப வராது என்று தெரியும். “இனிமே வரமாட்டா. வந்ததே இல்ல. நாந்தான் ஆக்குனேன், நாளைக்கும் நாந்தான் ஆக்குவேன், மிதுனாவையும் நான் பாத்துக்குவேன். நீ வேணும்னு சொல்லு. போ.” இயந்திரத்தின் சத்தம் நின்றது. “பக்கத்துல யாருங் இருக்காங்க?” என்றாள். உங்கம்மா, சிவகாமியக்கா என்றேன். “ரெண்டு பேரும் இருக்கையிலயேவா சொன்னீங்க?” ஆமாம் என்றேன். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது, பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அப்பச் செரிங். நான் உள்ள போறேன்” என்றாள்.

இருட்டிக்கொண்டு வந்த மேகம் வேறு பக்கம் விலகிப் போய்விட்டது, வெயில் திரும்ப வந்து சேலையில் விழுந்தது. சிவகாமியக்கா என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வடகத்தைப் பார்த்தார், நாலைந்து வருசத்துச் சாம்பாரையும் ரசத்தையும் ஒவ்வொன்றாய்த் திரும்பச் சாப்பிட்டுப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். கடைசியில், “அப்பச் சேலை சேர வேண்டிய ஆளுகிட்டத்தான் சேந்திருக்குது” என்றார், சொல்லிவிட்டுத் தாங்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இதுதான் நான் பயந்த சிரிப்பு. வந்தது, போனது, நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அத்தை சிரிக்கவில்லை. “எனக்குத் தெரியுமுங் மாப்ளெ. வெடியால முழிச்சுத்தான் கெடந்தேன். வாசக்கதவு தொறக்கவே இல்ல, அடுப்பு மட்டும் எரியுது.” தெரிந்துமா காலையில் அப்படிச் சொன்னீர்கள் என்றேன். “தெரிஞ்சதுனாலதானுங். ஒளிஞ்சு ஒளிஞ்சு செய்யறவரு, ஊருக்குத் தெரிஞ்ச அன்னைக்கே கரண்டியக் கீழ போட்டுருவாருன்னு பயம். அப்பறம் என்ற புள்ள அத்தனை தூரத்துல கெடந்து தவிக்கோணும்.” குனிந்து, சுருண்டிருந்த சேலை ஓரத்தை நீவிவிட்டார். இனி ஏதோ ஒன்று பெரிதாகச் சொல்வார் என்று எனக்கு ஒரு எதிர்பார்ப்பு, வெட்கத்தை விட்டுச் சொன்னால் மார்பைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டே நின்றேன். “கல்யாணமாகி வந்த நாள்லிருந்து நானும் ஆக்குனனுங்,” என்றார். “நாந்தான் ஆக்குறேன்னு ஒருத்தருகிட்டப் போன் போட்டுச் சொல்லோணும்னு எனக்குத் தோணுனதே இல்ல. சொல்லியிருந்தா யாரு கேட்டிருப்பாங்க?” குத்திக் காட்டவில்லை, இப்போதுதான் நினைவுக்கு வந்ததைப் போல வடகத்தைப் பார்த்துச் சொன்னார். என் மார்பு இருந்த இடத்துக்கே இறங்கிவிட்டது.

தொட்டிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன், தொட்டியும் அதன் நிழலும்தான் இருந்தன. “இங்க உக்காருங்க அத்தை,” என்றேன், நிழலைக் காட்டி. “நான் காப்பி போட்டுட்டு வர்றேன்.” ஐயோ வேண்டாமுங், நான் போறேன், நீங்க இருங்க என்று படியிறங்கப் போனவரைத் தோளைத் தொடாமல் கையை மட்டும் நீட்டி உட்காரச் சொன்னேன், கோகிலா கண்ணாடி முன்னால் பழகிய மாதிரி. உட்கார்ந்தார். சும்மா இருந்து பழகாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்து, எடுத்து, கடைசியில் என் குச்சியை வாங்கிக்கொண்டார். நான் கீழே வந்தேன். சமையலறை ஜன்னலின் கொக்கி துருவேறி இறுகியிருந்தது, இடுக்கியால் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தேன், தெருவின் வெளிச்சம் அடுப்பு வரைக்கும் வந்தது, எதிர்வீட்டு வாசலில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். பாலை வைத்துவிட்டு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று நினைத்தேன், இத்தனை வருசமாய் அவர் வந்து போகிறார், அது எனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது போலிருக்கிறது. ஜன்னலில் தலையை நீட்டி, “அத்தை, சக்கரை எவ்வளவுங்?” என்று மேலே பார்த்துக் கேட்டேன். யோசிக்கிறார் போலிருக்கிறது. பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி மாடியிலிருந்து குரல் வந்தது, “தூக்கலாப் போடுங் மாப்ளெ!”

“செரிங் அத்தை,” என்று நானும் சத்தமாகவே சொன்னேன்.